பத்தாம் லெவலுக்குப் போன மாப்பிள்ளை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத் தப்பு என் மேல் இல்லை.

இதை நான் பெங்களூர் போகும் காலை ரயிலில் சொல்லியிருக்கிறேன். சலூனில் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு சொல்லியிருக்கிறேன். சொந்தத் தங்கச்சி கல்யாணத்தில், பந்தியில் ரசத்துக்குக் காத்திருந்த நேரத்தில் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் கடைசி வரைக்கும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அதெல்லாம் சரி, தக்காளித் தோட்டத்துல வுழுந்தது நீதானே?" விழவில்லை ஐயா, இறங்கினேன். விழுவதற்கும் இறங்குவதற்கும் வித்தியாசம் தெரியாத ஊரில் ஒரு மனுஷன் பறக்க ஆசைப்பட்டது தப்பென்றால், சரி, அந்த ஒரு தப்பை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

பாராமோட்டார் என்றால் பெரிய விமானம் ஏதோ என்று நினைத்துவிட வேண்டாம். முதுகில் மாட்டிக்கொள்கிற ஒரு பெரிய ஃபேன், அதைச் சுற்றி வட்டமாக ஒரு கம்பிக் கூண்டு, கீழே பெட்ரோல் டேங்க். தலைக்கு மேலே நூல் நூலாகத் தொங்கும் நீளத் துணிச்சிறகு. துணியைத் தரையில் விரித்துவிட்டு, ஃபேனைப் போட்டுக்கொண்டு காற்றுக்கு எதிரே ஓட வேண்டும். ஓடினால் துணி எழும்பும். இன்னும் ஓடினால் நாமும் எழும்புவோம். ஓட்டத்தை நடுவில் நிறுத்தினால் மூக்கு உடையும். அவ்வளவுதான் சாஸ்திரம்.

எனக்கு இந்த ஆசை வந்ததற்குக் காரணம் என் வேலை. நான் பெங்களூரில் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். நாள் முழுக்க அடுக்குமாடிக் கட்டடங்களில் மேலே போவதும் கீழே வருவதும்தான் பிழைப்பு. ஆனால் அந்தப் பெட்டிக்கு ஜன்னல் கிடையாது. இருபதாவது மாடிக்குப் போனாலும் கண்ணுக்குத் தெரிவது ஒரு பட்டனும் என் முகமும்தான். ஒரு தடவையாவது போகிற வழியைப் பார்த்துக்கொண்டே மேலே போக வேண்டும் என்று தோன்றியது. முறையாகப் பயிற்சி எடுத்தேன், வாங்க வேண்டிய அனுமதியெல்லாம் வாங்கினேன், மிஷினையும் வாங்கிக்கொண்டு எங்கள் ஊரான கோலார் தங்க வயலுக்கு வந்து இறங்கினேன்.

ஊர் என்ன செய்திருக்க வேண்டும்? பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து எல்லோரும் பூமிக்குக் கீழே போய் வந்த ஊர் இது. அந்த ஊரில் ஒருத்தன் முதல்முதலாக மேலே போகிறான் என்றால் கை தட்ட வேண்டாமா? எதிர்வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "மேல போறதுதான் போறீங்க, அப்டியே எங்க தண்ணி டேங்க் மூடி கீதான்னு ஒரு பார்வ பாத்துட்டு வாங்க." பக்கத்துத் தெருவில் ஒருவர் காணாமல் போன புறாவின் அடையாளம் சொல்லிவிட்டுப் போனார். (வாலில் கறுப்பு, இடது காலில் சிவப்பு நூல். இன்னும் கிடைக்கவில்லை.) நான் இன்ஜினை ஓட்டிப் பார்த்தால் தெரு நாய்கள் எல்லாம் பழைய மைசூர் மைன்ஸ் சுரங்கத்துப் பக்கம் ஓடிவிடும். பெட்ரோலும் ஆயிலும் கலந்து வைக்கிற கேனை என் மனைவி குளியலறையிலிருந்து எடுத்து வாசலில் வைப்பாள், நான் வாசலிலிருந்து எடுத்து மறுபடி குளியலறையில் வைப்பேன். இப்படிப் போய்க்கொண்டிருந்தது எங்கள் இல்லறம்.

மனைவி பெயர் யசோதரா. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அவர்கள் பௌத்தக் குடும்பம், புத்தர் மனைவியின் பெயரை அவள் அப்பா வைத்திருந்தார். மிஷின் வீட்டுக்கு வந்த அன்று அவள் அதைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். பிறகு கூடத்தில் இருந்த புத்தர் படத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"யசோதரான்னு பேர் வெச்சாலே புருஷன் வூட்ட வுட்டுப் போவான்னு தெரியும். ஆனா நடந்து போவான்னு நெனச்சேன். இப்டி மேலால போவான்னு யார் கண்டா?"

அப்புறம்தான் நிபந்தனை வந்தது. "இதோ பாருங்க. எங்கப்பா கண்ணால பாக்கணும். நீங்க ஏறி, எறங்கி வரத அவுரு பாத்து சரின்னு சொன்னா, இந்தச் சனியன் வூட்ல இருக்கலாம். சரியில்லன்னு சொன்னாருன்னா மறுநாளே வித்துடணும். அப்புறம் வாழ்நாள்ல பறக்கற பேச்சே எடுக்கக் கூடாது."

ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகுதான் யாரிடம் போய் மாட்டியிருக்கிறேன் என்று புரிந்தது.

என் மாமனாரைச் சாதாரண ஆளாக நினைக்கக் கூடாது. சுரங்கம் மூடும் வரை வேலை பார்த்தவர். முதலில் கீழே, அப்புறம் மேலே ஷாஃப்ட், அதாவது சுரங்கக் குழியின் வாயில் நின்று மணி அடிக்கிற வேலை. அவர் மணி அடித்தால்தான் ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டு, அதாவது கேஜ், அசையும். ஒன்று அடித்தால் தூக்கு, இரண்டு அடித்தால் இறக்கு. சுரங்கம் போனாலும் அந்தக் குணம் போகவில்லை. எதைப் பார்த்தாலும் "ரோப் செக் பண்ணீங்களா?" என்பார். பூங்காவில் ஊஞ்சல் ஆடுகிற குழந்தைகளை நிறுத்திவிட்டுச் சங்கிலியை இழுத்துப் பார்ப்பார். எங்கள் வீட்டுத் துணிக்கொடியைக்கூட மாதம் ஒருமுறை பரிசோதிப்பார். ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டினாலே கீழே நின்று கையை விரித்துக்கொள்கிற மனுஷர், மருமகன் வானத்தில் தொங்குவதைப் பார்த்து எப்படி சரி என்று சொல்வார்?

ஞாயிற்றுக்கிழமை வந்தார். மிஷினைப் பார்த்தார். ரோப் செக் செய்கிற மாதிரி ஒவ்வொரு நூலையும் இழுத்தார். முழங்கை வரைக்கும் கிரீஸ் ஆக்கிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஃபேனைச் சுற்றியிருந்த கம்பிக் கூண்டைத் தட்டி, "இதுக்கு இன்னா பேரு?" என்று கேட்டார்.

"கேஜ், மாமா."

"இன்னாது?"

"கேஜ். பாராமோட்டார்ல இதுக்கு கேஜ்னுதான் பேரு."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் என் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. "யசோ, கேட்டியா? இதுவும் கேஜாம்!" என்றார். உட்கார்ந்தார். எழுந்தார். இருமினார். (சுரங்கத் தூசி குடித்த நெஞ்சு. சந்தோஷம் வந்தாலும் இருமல், கோபம் வந்தாலும் இருமல்.) பிறகு தீர்மானமாகச் சொன்னார்.

"கேஜ்னு இருந்தா சிக்னல் குடுக்கறதுக்கு ஆள் ஒணும் மாப்ளே. சிக்னல் இல்லாத கேஜ் ஏறக் கூடாது. நான் குடுக்கறேன்."

மேற்பார்வைக்கு வந்தவர் கூட்டாளியாகிவிட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. தானே சிக்னல் கொடுத்த பயணத்தைத் தானே சரியில்லை என்று எப்படிச் சொல்வார்? பாதி ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்தேன். என் புத்தியை இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஹெல்மெட்டுக்குள் ஒரு வாக்கி டாக்கி உண்டு. தரையிலிருந்து பேசுவது எனக்குக் கேட்கும். நான் பேசினால் முதுகில் ஓடுகிற இன்ஜின் சத்தம் என் குரலை முழுங்கிவிடும். ஆகவே அவர் சொல்லலாம், நான் திருப்பிக் கேட்க முடியாது. "அது போதும், கேஜ்ல கீறவனுக்கு இன்னா பேச்சு?" என்றார் மாமனார்.

உயரத்தை எப்படிச் சொல்வது என்று ஒரு பிரச்சினை வந்தது. அடிக்கணக்கு, மீட்டர் கணக்கெல்லாம் அவருக்குச் சரிவரவில்லை. நான்தான் யோசனை சொன்னேன்.

"லெவல் கணக்குல வெச்சிக்கலாம் மாமா. மொத்தம் பத்து லெவல். நீங்க நம்பர் மட்டும் சொல்லுங்க, நான் அந்த லெவலுக்குப் போய்டறேன்."

"லெவலா? அப்டி சொல்லுங்க! அத்த வுட்டுட்டு மீட்டர், கீட்டர்னு..." என்று என் முதுகில் தட்டினார்.

இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டோம். உலகத்திலேயே தெளிவான ஒப்பந்தம் இதுதான் என்று இரண்டு பேருமே நினைத்தோம். பக்கத்தில் நின்றிருந்த யசோதராவும் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் உடந்தை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

அடுத்த ஞாயிறு, விடிந்ததும் சயனைடு மேட்டுக்கு எதிரே இருக்கிற பொட்டல் மைதானத்துக்குப் போனோம். (சயனைடு போட்டுத் தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணை மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குத்தான் அந்தப் பெயர்.) காலை நடைக்கு வந்தவர்கள் எல்லாம் நடையை விட்டுவிட்டு வேடிக்கைக்கு உட்கார்ந்தார்கள். மாமனார் இஸ்திரி போட்ட சட்டை, கையில் வாக்கி டாக்கி, கழுத்தில் மகளுடைய பி.டி. விசில். ஓய்வு பெற்றவர் மாதிரியே இல்லை.

நான் சிறகை விரித்து, கேஜை மாட்டி, இன்ஜினைக் கிளப்பினேன். மாமனார் விசிலை வாயில் வைத்து ஒரே ஒரு ஊது ஊதினார். ஒன்று என்றால் தூக்கு. ஓடினேன். துணி எழும்பியது. என் கால் தரையை விட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் சந்தோஷமாகப் பேச எனக்கு உரிமை உண்டு. கீழே சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளின் தகரக் கூரைகள் வரிசையாகத் தெரிந்தன. கைவிட்டுப்போன ஷாஃப்ட்டுகளின் இரும்புக் கோபுரங்கள் என் காலுக்குக் கீழே நின்றன. வாழ்நாளெல்லாம் அண்ணாந்து பார்த்த கோபுரங்கள். சயனைடு மேடு மேலிருந்து பார்த்தால் தட்டையாக, யாரோ துடைத்து வைத்த மேசை மாதிரி இருந்தது. ரயில் ஒன்று பங்காருபேட்டை பக்கம் போனது, அதில் வழக்கமாக நின்றுகொண்டே போகிற நான் இப்போது அதற்கு மேலே உட்கார்ந்துகொண்டு போகிறேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஹெல்மெட்டில் மாமனார் குரல் வந்தது. "மாப்ளே, எட்டு. எட்டாம் லெவல்."

எட்டா? எடுத்த எடுப்பிலேயே எட்டா? எனக்கு உடம்பு புல்லரித்தது. ஸ்டூலில் ஏறினாலே கை விரிக்கிற மனுஷர், முதல் சிக்னலிலேயே எட்டாம் லெவலுக்குப் போகச் சொல்கிறார் என்றால் என் மேல் எத்தனை நம்பிக்கை! இன்ஜினை முறுக்கினேன். ஜிவ்வென்று ஏறினேன்.

"எட்டு! எட்டு மாப்ளே!"

இன்னும் வரவில்லை என்கிறார் போலிருக்கிறது என்று இன்னும் ஏறினேன்.

"ஒம்பது! ஒம்பதுக்கு வாங்க!"

ஆஹா. எட்டு போதாதாம், ஒன்பதாம். ஏறினேன்.

"பத்து! பத்து! பத்து மாப்ளே, பத்து!"

அவர் குரலில் இருந்த உற்சாகத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். (உற்சாகம் என்றுதான் அப்போது நினைத்தேன்.) பெண் கொடுத்த நாளிலிருந்து எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மாமனார், நான் உயர உயர இப்படிக் கூவுகிறாரே என்று பூரித்துப்போனேன். யசோ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள், இனிமேல் மிஷினை விற்கிற பேச்சே கிடையாது என்று முறுக்கினேன் பாருங்கள், மேடும் மைதானமும் உள்ளங்கை அளவு ஆகிவிட்டன.

பத்தாம் லெவல் என்று நான் வைத்திருந்த உயரத்தையும் தாண்டிவிட்டேன். அவர் விடவில்லை. "பதினொண்ணு! பன்னெண்டு!" என்றார். பத்து லெவல்தானே பேசினோம், மனுஷர் ஆசை தீர ஏற்றுகிறாரே என்று சிரித்துக்கொண்டேன். குரல் கரகரவென்று தேய ஆரம்பித்தது. கடைசியாக எனக்குக் கேட்டது "...ட்டம்! ...ட்டம்!" என்பதுதான். "ஆட்டம்! ஆட்டம்!" என்று கொண்டாடுகிறார் என்று எடுத்துக்கொண்டு, நான் வானத்திலிருந்தே காலை இரண்டு ஆட்டு ஆட்டினேன்.

அவர் சொன்னது "பாட்டம்." அதாவது அடிமட்டம். அது பிறகு தெரிந்தது.

மேலே காற்று வேறு மாதிரி இருந்தது. கீழே இருக்கிறவர்களுக்குக் குப்பை எரிகிற புகை திடீரென்று சாய்வது தெரிந்திருக்கிறது, அதனால்தான் மாமனார் கத்தினாராம். எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் மைதானத்தைப் பார்த்துத் திரும்பினால் மைதானம் என்னை விட்டு விலகிப் போனது என்பதுதான். முழு வேகத்தில் முன்னே போக முயன்றேன், பின்னேதான் போனேன். ஏறுவதற்கே பெட்ரோலில் பாதியைக் கொட்டியாகிவிட்டது. காற்றோடு மல்லுக்கட்டியதில் மீதியும் போய், இன்ஜின் இரண்டு முறை விக்கி நின்றுவிட்டது.

அந்த நிசப்தத்தைப் பற்றி நான் யாரிடமும் சொல்வதில்லை. யசோவின் முகம் வந்தது. நடந்தே போயிருக்கலாம் என்று தோன்றியது.

இன்ஜின் நின்றாலும் சிறகு தாங்கும், மிதந்துகொண்டே இறங்கலாம். அப்படித்தான் இறங்கினேன். பங்காருபேட்டைப் பக்கம், மின்கம்பிக்கெல்லாம் தப்பி, கால் முதலில் படும்படி, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி நேர்த்தியாக இறங்கினேன். இறங்கிய இடத்தில் ஒரு தக்காளித் தோட்டம் இருந்தது. அது என் குற்றமா? கோலாரில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் தக்காளித் தோட்டத்தில்தான் விழும். குச்சி நட்டு, கயிறு கட்டி, காய் தொங்க நின்ற வரிசைகளின் மேலே என் சிறகு வந்து மெத்தை மாதிரி படுத்தது. அதற்கடியில் நான்.

துணியை விலக்கிக்கொண்டு தலையை நீட்டினால் எதிரே ஒரு அம்மா, கையில் கதிரரிவாள்.

"எவரய்யா நுவ்வு? மந்து கொட்டேதானிகா வச்சினாவு?" என்றார்.

எங்கள் ஊரில் எல்லோருக்கும் அரைத் தெலுங்கு வரும். அந்த அரையை வைத்துக்கொண்டு, மருந்தடித்துவிட்டு வந்தாயா, அதாவது குடித்துவிட்டு வந்தாயா என்று கேட்கிறார் என்று புரிந்துகொண்டேன். எனக்கு வந்ததே ஆத்திரம். சாவிலிருந்து தப்பி வந்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? "நான் அதைத் தொட்டதே கிடையாதம்மா! வேண்டுமானால் ஊதிக் காட்டுகிறேன்!" என்று ஊதியும் காட்டினேன். அந்த அம்மா இரண்டடி பின்னால் போனார். பாவம், அவர் கேட்டது பயிருக்கு மருந்தடிக்கவா வந்தாய் என்று. டிரோன் வைத்து மருந்தடிக்கிறார்கள் அல்லவா, அதில் ஆளையே கட்டித் தொங்கவிட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். இதுவும் பிறகு தெரிந்ததுதான். அன்றைக்கு எல்லாமே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

யசோவுக்கு ஃபோன் போட்டு இருக்கிற இடத்தைச் சொன்னேன். "உயிரோட கீறீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "அங்கியே இருங்க," என்று வைத்துவிட்டாள். அந்த இரண்டு வார்த்தையும் எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் வருகிற வரைக்கும் அந்த அம்மா என்னைச் சும்மா விடவில்லை. சாய்ந்த குச்சிகளை அரிவாளால் சுட்டிக் காட்டுவார், நான் நிமிர்த்திக் கட்ட வேண்டும். ஹெல்மெட்டைக்கூடக் கழற்ற விடவில்லை.

ஆட்டோ வந்து நின்றது. யசோ ஓடி வந்து என் கை காலை எல்லாம் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, தோளில் ஒரு அடி வைத்தாள். பின்னாலேயே மாமனார், கத்திக் கத்திக் குரல் போய், வரப்பில் நின்று இருமி முடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"இன்னா மாப்ளே இது? பத்து பத்துன்னு உசுரு போவக் கத்திக்கினு கீறேன், நீங்க பாட்டுக்கு மேல மேல போய்க்கினே கீறீங்க!"

"பத்துன்னு சொன்னீங்க, பத்துக்குத்தானே போனேன் மாமா?"

"பத்து எங்க கீது?"

நான் வானத்தைக் காட்டினேன். அவர் தரையைக் காட்டினார்.

இரண்டு பேருடைய விரலும் அப்படியே நின்றன. யசோ மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். தக்காளி வரப்பில் உட்கார்ந்து, துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

விஷயம் இதுதான். நான் லிஃப்ட்காரன். எனக்கு எண்கள் தரையில் தொடங்கி மேலே போகும். அவர் சுரங்கக்காரர். அவருக்கு எண்கள் மேலே தொடங்கிக் கீழே போகும். ஒன்றாம் லெவல் மேலே, பத்தாம் லெவல் ஆழத்தில். அவர் என்னை எட்டில், அதாவது தரைக்குப் பக்கத்தில், பத்திரமாக ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொல்லியிருக்கிறார். நான் ஏறியதைப் பார்த்து ஒன்பதுக்கு, பத்துக்கு, கடைசியில் பயத்தில் பூமிக்குள்ளேயே போனாலும் பரவாயில்லை என்று பதினொன்று, பன்னிரண்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

"மாமா, தரை எப்டி மாமா பத்தாகும்? தரைன்னா ஜீரோ! உலகம் பூரா ஜீரோ!"

"ஜீரோ லெவல்னு எந்த ஷாஃப்ட்ல மாப்ளே கீது? நம்பர் ஜாஸ்தியானா கீழ. இது பச்சக் கொழந்தைக்குத் தெரியும்."

"சரி மாமா, அதெல்லாம் வுடுங்க. 'எறங்கு'ன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே? ஒரே ஒரு வார்த்த!"

அவர் என்னை அசந்துபோய்ப் பார்த்தார்.

"அய்ய! கேஜ் ஓடிக்கினு கீறப்ப எறங்குன்னா இன்னா அர்த்தம்? கதவத் தொறந்துக்கினு வெளிய கால வைன்னு அர்த்தம். நடு ஆகாசத்துல மாப்ளய எறங்கச் சொல்ல நான் இன்னா கொலகாரனா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள். இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் தோட்டக்கார அம்மாவிடம் அவர் முழுத் தெலுங்கில் பேசினார். அந்த அம்மா வானத்தையும் என்னையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பத்தாம் லெவல் எங்கே இருக்கிறது என்பதை அவரிடமும் கேட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்த அம்மா ஆழ்குழாய்க் கிணற்றைக் காட்டி என்னவோ சொன்னார், மாமனார் வெற்றியோடு என் பக்கம் திரும்பினார். புறப்படும்போது மாமனாருக்கு ஒரு பை நிறையத் தக்காளி கொடுத்தார். குச்சி கட்டிக் கட்டிக் கையெல்லாம் கயிறு அறுத்த எனக்கு ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் யசோ நிபந்தனையை எடுத்தாள். "அப்பா, சொல்லு. சரியா, சரியில்லையா? சரியில்லன்னா நாளைக்கே வித்துடறதா பேச்சு."

நான் கதவோரம் நின்றேன். மாமனார் மிஷினைப் பார்த்தார். சரியில்லை என்று சொன்னால், தான் சிக்னல் கொடுத்த கேஜ் ஒன்று தவறிப்போனது என்று ஆகும். அவர் சர்வீஸில் அப்படி ஒன்று நடந்ததே கிடையாது. சரி என்று சொன்னால், நான் செய்தது சரி என்று ஆகும். அதற்குப் பதில் அவர் சாகச் சம்மதிப்பார். நீளமாக இருமினார். பிறகு தீர்ப்பு வந்தது.

"கேஜ் நல்ல கேஜ். ரோப் நல்ல ரோப். ஏறுன ஆளுதான் சரியில்ல."

ஆக, மிஷின் பாஸ், நான் ஃபெயில். அதை விற்கவில்லை. என்னைத் தொடவும் விடவில்லை. கூடத்தில் போர்வை போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். நான் ரயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டே போய் வருவேன். வயிறு எரியுமா எரியாதா?

இதைவிடக் கொடுமை அடுத்து நடந்தது. நல்ல மிஷின் வீணாகக் கிடக்கிறதே என்று யசோ கோடை விடுமுறையில் பயிற்சிக்குப் போனாள். பி.டி. டீச்சர் அல்லவா, ஓட்டம் எனக்கு ஒரு மாதம் பிடித்தது, அவளுக்கு ஒரு காலை போதும். அவள் முதல் முறை மைதானத்தில் பறக்க நின்ற அன்று நான் சிறகை விரித்துக் கொடுத்தேன், பெட்ரோல் கலந்து ஊற்றினேன், நாய்களைத் துரத்தினேன். மாமனார் விசிலை எடுத்து ஊதினார். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் கொஞ்சம் நின்று, ஒன்று.

அவள் பறந்தாள். "எட்டு" என்றார், எட்டுக்கு வந்தாள். "ஒம்பது" என்றார், தாழ்ந்தாள். சுரங்கக்காரர் மகள், அவளுக்கு எந்தப் பக்கம் பத்து என்று ரத்தத்திலேயே இருக்கிறது. கூட்டம் கை தட்டியது. எனக்குத் தட்டாத அதே கூட்டம்.

எனக்கு ஒரு சந்தேகம். அன்று மாலை காபி குடிக்கும்போது கேட்டேன். "மாமா, அவளுக்கு மொதல்ல மூணு ஊதினீங்களே. எனக்கு ஒண்ணுதானே ஊதினீங்க?"

"மூணுன்னா ஆளு ஏறிக்கீதுன்னு அர்த்தம் மாப்ளே. மெதுவா, பதமா இழுக்கணும். அதுக்கப்புறந்தான் ஒண்ணு."

"அப்ப எனக்கு?"

அவர் காபியை ஆற்றினார். "வெறும் லோடுக்கு மூணு அடிக்கறதில்ல," என்றார்.

யசோ சமையலறைக்கு எழுந்து ஓடினாள். அன்றிலிருந்து எனக்கு வீட்டில் பெயர் லோடு. நான் ரயிலில் இருந்து இறங்கித் தெருமுனை திரும்பினால், "லோடு வந்துடுச்சி, தோசக்கல்லப் போடு" என்று குரல் கேட்கும். ரயில் சிநேகிதர்களுக்கும் தெரிந்துவிட்டது. நெரிசலில் "லோடுக்கு எடம் வுடுங்கப்பா" என்கிறார்கள். மரியாதையாகத்தான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வெடித்துவிட்டேன். "நானும் மனுஷன்தான். எனக்கும் மூணு வேணும். மூணு ஊதற வரைக்கும் இந்த வீட்ல நான் சாப்பிடப் போறதில்ல," என்று இலையை விட்டு எழுந்தேன். (அது காலைப் பலகாரம். மதியத்துக்குள் யசோ சமரசம் பேசிவிட்டாள்.) அவள் விதித்த முறை இது: நான் மைதானத்தில் கேஜை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்பா மனசார மூன்று ஊதினால் பறக்கலாம், மிஷின் இரண்டு பேருக்கும் பொது. ஊதவில்லை என்றால் அது அவளுடையது, நான் நிரந்தரமாக நாய் துரத்துகிற ஆள்.

நின்றேன். இன்ஜினைக் கிளப்பவில்லை, விசில் காதில் விழ வேண்டுமே. பத்தாம் லெவல் தரையில்தான் இருக்கிறது என்று முந்தின ராத்திரியே மனப்பாடம் செய்திருந்தேன். மாமனார் எதிரே வந்து நின்றார். என் முதுகுப் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். தலைக்கவசத்தின் வாரை, குழந்தைக்குப் பொத்தான் போடுகிற மாதிரி, தாடைக்குக் கீழே சரியாக மாட்டிவிட்டார். பின்னால் போய் விசிலை வாயில் வைத்தார்.

ஒன்று.

இரண்டு.

நான் காத்திருந்தேன். மூன்றுக்காக மூச்சை இழுத்தார். இழுத்த மூச்சு உள்ளே எங்கேயோ மாட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்படி ஒரு பெரிய இருமலாக வெளியே வந்தது. விசில் வாயிலேயே இருந்ததால் இருமலோடு கொஞ்சம் காற்றும் போய், "கீச்" என்று ஒரு சத்தம் வந்தது. ஆணையாக வந்தது. என் இரண்டு காதாலும் கேட்டேன்.

"மூணு!" என்று கத்திவிட்டு, இன்ஜினைக் கிளப்பிக்கொண்டு, யாரும் மறுப்பதற்குள் ஓடிப் பறந்துவிட்டேன். எட்டு என்றார், எட்டில் போனேன். ஒன்பது என்றார், தாழ்ந்தேன். பத்து என்றார், அவர் காலடியில் வந்து இறங்கினேன். விழவில்லை.

"மூணு குடுத்தீங்களே மாமா, தேங்க்ஸ்," என்றேன்.

"ரெண்டுதான் குடுத்தேன்," என்றார் அவர், இன்னும் நெஞ்சைத் தடவிக்கொண்டு. "ரெண்டுன்னா எறக்கு."

"அப்ப அந்த மூணாவது?"

"அது இருமல்."

அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. இப்போது எங்கள் வீட்டில் யார் இருமினாலும், தூசு பட்டாலும், குழம்பில் மிளகாய் காரம் ஏறினாலும், மற்றவர்கள் ஒன்றாகக் கத்துகிறார்கள்: "ஆளு ஏறியாச்சி!" விருந்தாளிகள் திருதிருவென்று விழிப்பார்கள், அப்புறம் தக்காளித் தோட்டத்திலிருந்து முழுக் கதையும் அவர்களுக்குச் சொல்லப்படும். மாமனார்தான் எல்லோரையும்விட அதிகம் சிரிப்பார், சிரித்தால் அவருக்கு இருமல் வரும், மறுபடியும் கத்துவார்கள்.

நான் மட்டும் சிரிப்பதில்லை. பட்டையை இழுத்துப் பார்த்து, வாரை மாட்டிவிட்டு அனுப்பினவர் அவர். லோடுக்கு யாராவது வாரை மாட்டுவார்களா? அது மூணுதான்.